மைக்ரான் அண்ணன்

என் அண்ணனுக்கு மைக்ரான் என்று பெயர் வைத்தவள் நான்தான். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் அறையில் அந்தச் சொல்லைக் காரணமில்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். இவனோ வீட்டில் ஒரு சிஎன்சி மில்லை வாங்கி வைத்த முதல் வாரமே, பல் துலக்கும்போதுகூட மைக்ரான் மைக்ரான் என்று கொப்பளிக்க ஆரம்பித்துவிட்டான்.

சிறு வயதிலிருந்தே அவனுக்கு ஒரு வேலையைச் செய்வதைவிட, அதைச் செய்கிறவனாகத் தெரிவதில்தான் ஆசை. பள்ளிக்கூடத்தில் அவன் ஜியாமெட்ரி பெட்டி மாதிரி யாரிடமும் கிடையாது. கவராயம் முதல் பாகைமானி வரை எல்லாம் பளபளவென்று இருக்கும். வட்டம் போட மட்டும் என் நோட்டைத் தூக்கிக்கொண்டு போவான். படிப்பு முடிந்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். மோதிய வண்டிகளின் கோப்புகளை அடுக்கி, யார் மேல் தப்பு என்று மேலதிகாரி சொல்வதை எழுதி வைக்கிற வேலை. பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் கீழே விழுந்த கதையைப் படித்தான். அதில் அவன் தெரிந்துகொண்டது, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியை ஊரில் ஒருத்தனிடமும் இல்லாத மாதிரி ஆக்கிக்கொள்ள என்ன வேண்டுமானாலும் வாங்குவார்கள் என்பதுதான். வேலையை விட்டான். மெஷினை வாங்கினான்.

கணினியில் வரைந்து கொடுத்தால் அதன்படி கத்தி தானாக நகர்ந்து அலுமினியப் பாளத்தைச் செதுக்கி எடுக்கும் மெஷின் அது. இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். கூடத்தில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். மாடிக்கு ஏற்ற முடியாது. கீழே இருந்த ஒரே அறை அப்பாவுடையது. முப்பது வருடம் தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு சனிக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் அவர் கட்டிலைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். நிலைக்கதவைப் பெயர்த்து, அடியில் குழாய்களைப் போட்டு உருட்டி, நாலு பேரை வைத்து மெஷினை உள்ளே தள்ளினான். திரும்பி வந்த அப்பா கூடத்தில் தன் கட்டிலைப் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சத்தம் தொந்தரவா இருக்காப்பா?" என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்தவன்மா நான். சத்தம் என்ன பெரிய சத்தம். ஆனா அந்த இன்ஜின் எங்கயாவது போய்ச் சேர்ந்துச்சு."

மெஷின் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் அதன் சீவல்கள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. நகத்துண்டு மாதிரி சுருண்ட அலுமினியச் சீவல்கள் சோப்புப் பெட்டியில் கிடந்தன, தலையணை உறையில் கிடந்தன, மாவு சல்லடையில் மின்னின. அப்பாவின் குதிகாலில் ஏறியதை அண்ணி புருவம் திருத்தும் சாமணத்தால் எடுத்துவிட்டாள்.

அவன் செய்த முதல் சாமான் ஒரு ஹேண்டில்பார் கிளாம்ப். அதாவது, ஹேண்டில்பாரை வண்டியோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற கட்டை. அதை ஒரு வெல்வெட் துணியில் வைத்து எனக்குக் காட்டினான்.

"பத்து மைக்ரானுக்குள்ள இருக்கும்" என்றான்.

நான் அதை எங்கள் அறைக்கு எடுத்துப் போய் அளந்தேன். முந்நூற்று நாற்பது மைக்ரான் தள்ளி இருந்தது. மேல் முகம் ஒரு பக்கமாகச் சரிந்தும் இருந்தது. கத்தி நேராக நிற்கிறதா என்று பார்க்காமலே வெட்டியிருக்கிறான். மெஷினை இறக்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை அது.

"உங்க கம்பெனி கருவியெல்லாம் பழசு" என்றான் அவன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் அடுத்த வீட்டுக் கூடத்தையே கோணல் என்றான்.

எட்டு மாதம் இப்படியே போனது. நாலு பேர் வாங்கினார்கள், மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது ஆள் என்ன ஆனான் என்று தெரியவில்லை. இதற்கிடையில் அவன் மார்பில் தன் பெயர் தைத்த தோல் ஏப்ரன் ஒன்று வாங்கிவிட்டான். கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பான். எல்லாச் சாமானிலும் தன் கையெழுத்தைச் செதுக்குவான். அளவு தப்பாகும், கையெழுத்து மட்டும் அச்சுப் பிசகாமல் வரும்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேட்டர்ன் கட்டர். நூறு சட்டைக்கான துணியை அடுக்கி, அதன் மேல் காலரும் கையும் முதுகும் இடம் வீணாகாமல் உட்கார வழி கண்டுபிடித்து வெட்டுகிறவள். காலை ஷிப்டு முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் முதலில் சீவல் கூட்டுவாள். கூட்டிக்கொண்டே மெஷினைப் பார்ப்பாள். ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது, பாளத்தைப் பிடித்திருக்கும் வைஸை அவளே கழற்றித் துடைத்து, கோணலைக் காட்டும் டயல் கேஜ் ஒன்றை என்னிடம் இரவல் வாங்கி, நேராக வைத்து மாட்டினாள். எப்படி என்று நான் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆனது. அவள் ஒரு தடவைகூட 'போதும்' என்று சொல்லவில்லை.

"துணிதான் வழுக்கும், இரும்பு வழுக்காதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றாள். "இதுவும் வழுக்குது. நல்லாப் புடிச்சாத்தான் நல்லா வெட்டும். எல்லாம் ஒண்ணுதான்."

அடுத்த ஆறு மாதத்தில் வரைவது, கத்திக்கு வழி சொல்வது, எந்த வேகத்தில் ஓட்டினால் அலுமினியம் கத்தியில் ஒட்டாது என்பது எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. ஒரே பாளத்தில் அவன் இரண்டு சாமான் எடுத்த இடத்தில் அவள் மூன்று எடுத்தாள். திருப்பி அனுப்புவது நின்றது. கால் மிதி, பிரேக் லீவர், கிளாம்ப் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். அண்ணன் வீடியோவில் நின்று, "நான் இதை டிசைன் பண்ணும்போது" என்று ஆரம்பிப்பான். ஒரு வீடியோவில் அவனுக்குப் பின்னால் வைஸை இறுக்குகிற ஒரு கை தெரிந்துவிட்டது. வளையல் போட்ட கை. யார் அது என்று நாலைந்து பேர் கேட்டார்கள். 'உதவியாளர்' என்று பதில் போட்டிருந்தான்.

அதை அண்ணியிடம் காட்டினேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"விடு" என்றாள். "அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவளுடைய பெருந்தன்மை எனக்கு வராது. நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு தப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி ரொட்டிக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். தினமும் விடியற்காலையில் பழைய மோட்டார் சைக்கிளில்தான் கடைக்குப் போவார். முன் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்று பெரிய டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தார். டிஸ்க் பெரிதானால், அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் என்ற பகுதி கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். அதற்கு இடையில் ஒரு பிராக்கெட் வேண்டும். கையளவு அலுமினியத் தகடுதான். ஆனால் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் வேகம் முழுவதும் அதன் மேல்தான் வந்து இறங்கும்.

"அழகெல்லாம் வேணாம் சார், நின்னாப் போதும்" என்றாராம் அவர்.

அண்ணி வரைந்தாள். தடிமனான தகடு, உள்மூலைகள் எல்லாம் வளைவாக. சட்டையில் கை சேரும் இடத்தில் வெட்டு கூராக இருந்தால் அங்கேதான் முதலில் கிழியும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் பார்த்தான்.

"என்னடி இது, எருமைமாடு மாதிரி? இதை எப்படி வீடியோல காட்டுறது?"

"பிரேக்குங்க அது. காட்டறதுக்கு இல்ல."

"எடை குறைக்கணும். நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டி எடு. ஓரமெல்லாம் கத்தி மாதிரி கூரா வரணும். ரேஸ் வண்டில எல்லாம் அப்படித்தான்."

"நான் வெட்டமாட்டேன்."

"மெஷின் யாருது?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இனிமே அந்த ரூமுக்கு நான் வரல" என்று அப்பா காதில் விழும்படி சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் ஏற்கனவே வெளிய வந்துட்டேன், நீயும் வா" என்றார்.

அவன் அவள் வரைந்ததை எடுத்து நடுவில் மூன்று ஜன்னல் போட்டான். வளைவுகளை எல்லாம் அழித்தான். மெஷின் அண்ணி மாட்டி வைத்த நிலையிலேயே இருந்தது. வைஸ் நேராக இருந்தது, கத்தி புதிது. பொத்தானை மட்டும் அழுத்தினான். வாழ்க்கையில் முதல் முறையாக அளவு பிசகாத ஒரு சாமான் அவன் கையால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நான் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுவந்து துணியின் மேலேயே வைத்தான்.

"அளந்து பாரு. உன் பழைய கருவியிலயே பாரு."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை அளவு மெஷினில் வைத்தேன். நாலு துளைகளும் எட்டு மைக்ரானுக்குள் இருந்தன. நான் மறுபடியும் அளந்தேன், அதே எட்டு. பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். கேலிப்பர் மாட்டுகிற காதுக்கும் முதல் ஜன்னலுக்கும் நடுவே பென்சில் கனம்தான் மிஞ்சியிருந்தது. அந்த இடத்திலேயே உள்மூலை கூராக வெட்டப்பட்டிருந்தது. நகத்தை ஓட்டினேன். இடறியது.

எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒன்று வந்தால் அதை அளக்கக்கூட மாட்டோம். வரைந்தவனைக் கூப்பிட்டு அனுப்புவோம். இது முறியும் என்று எனக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

சாயங்காலம் அவன் என் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்ன?"

"அளவு சரியா இருக்கு" என்றேன்.

"எத்தனை மைக்ரான்?"

"எட்டு."

அவன் முகம் எண்பது வாட்ஸ் பல்பு மாதிரி ஆனது. "அழகாவும் இருக்குல்ல?"

"ரொம்ப அழகா இருக்கு" என்றேன். காது உள்ள எவனும் அந்தக் குரலைக் கேட்டிருந்தால் சாமானைக் குப்பையில் போட்டிருப்பான். இவனுக்குப் புகழ்ச்சியைத் தவிர வேறு எந்தச் சுருதியும் கேட்காது என்பது முப்பத்தெட்டு வருடமாகத் தெரிந்தவள் நான். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். என்னைக் கேட்டது அளவு, நான் சொன்னது அளவு. டிசைன் பார்ப்பது என் வேலை இல்லை என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஒரு தடவை பட்டுத் திருந்தட்டும் என்று நினைத்தேன். படப்போவது அவன்தான் என்று எந்தக் கணக்கில் நினைத்தேனோ தெரியவில்லை.

பிராக்கெட்டைப் பேக்கரிக்காரருக்கு மாட்டிக் கொடுக்கும்போது, "என் தங்கச்சி பெரிய கம்பெனில இன்ஸ்பெக்டர். அவளே ஓகே பண்ணிட்டா" என்று சொல்லியிருக்கிறான். மாட்டியதை வீடியோ எடுத்தும் போட்டான். அதற்கு இதற்குமுன் வராத கூட்டம் வந்தது. அதே புரோகிராமை வைத்து இன்னும் நாலு பிராக்கெட் வெட்டி நாலு பேருக்கு அனுப்பினான்.

பத்தொன்பதாவது நாள் காலை ஆறரை மணிக்கு அண்ணியின் தொலைபேசி அடித்தது. பேக்கரிக்காரரின் மனைவி. நாற்சந்தியில் ஒரு லாரி குறுக்கே வந்திருக்கிறது. இவர் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பிராக்கெட் முறிந்து, கேலிப்பர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. மனிதர் வண்டிக்கு மேலே பறந்து போய் விழுந்திருக்கிறார். காறை எலும்பு முறிவு. வலது மணிக்கட்டு மூன்று துண்டு.

அண்ணி எனக்குச் சொன்னாள். நான் போனபோது அண்ணன் ஏப்ரனைக்கூட மாட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த வீடியோவை அழித்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு" என்றேன்.

"நான் எதுக்கு? பிரேக்கை ஒரேயடியாப் புடிச்சிருப்பாரு. கொஞ்சம் கொஞ்சமா புடிக்கணும். இதுக்கு ஆபீஸ்ல 'ஓட்டுநரின் கவனக்குறைவு'ன்னு தனியா ஒரு கட்டமே இருக்கு."

"லாரி குறுக்க வந்தா கொஞ்சம் கொஞ்சமாவா புடிப்பாங்க?"

"நீதானே சரியா இருக்குன்னு சொன்ன?"

அண்ணி அவனைப் பார்த்தாள். பதினாலு வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி, கோபமே இல்லாமல், எதில் துடைப்பது என்பது மட்டுமே யோசனையாக. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். கை கழுத்து வரை கட்டுப் போட்டிருந்தது. நகக்கண்ணில் இன்னும் மாவு காய்ந்திருந்தது. அவர் மனைவி காலடியில் நின்றிருந்தாள். அண்ணி யார் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "நீங்கதான் அளவு பார்த்தீங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமா."

"சரியா இருந்துச்சா?"

"அளவு சரியா இருந்துச்சு. சாமான் சரியில்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணி பக்கத்தில் நின்றதால் நிறுத்த முடியவில்லை. "அது தாங்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க. நான் சொல்லல."

அவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பினார். "தெரியாதவன் செஞ்சான், சரி" என்றார். மிச்சத்தை அவர் மனைவி சொன்னாள். "மாவு பிசையிற கைம்மா அது. நீங்க ரெண்டு பேரும் போயிடுங்க. நான் ஏதாவது சொல்லிடுவேன்."

படிக்கட்டில் இறங்கும்போது அண்ணி, "உனக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்ணனை இத்தனை வருடம் இளக்காரமாகப் பார்த்த என் கண்ணை வைத்துக்கொண்டு அந்த நேரம் அவளைப் பார்க்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். இதே பிராக்கெட் இன்னும் நாலு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூரியர் ரசீதுகள் அவளிடம் இருந்தன. அன்றே நாலு பேருக்கும் தகவல் அனுப்பினாள்: வண்டியை எடுக்காதீர்கள், பிராக்கெட்டைக் கழற்றுங்கள். இரண்டு பேர் அலறியடித்துக்கொண்டு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆளின் வீட்டுக்கு நாங்களே போய் வாங்கினோம். அவர் அதை இன்னும் மாட்டியிருக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். நாலாவது ஒரு பல் டாக்டர்.

"அதுதாங்க என் வண்டிக்கே அழகு" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் ஆகல. நான் கழட்டமாட்டேன்."

"ஆகிறவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது டாக்டர்" என்றாள் அண்ணி.

அவர் உள்ளே போய்விட்டார். அண்ணி காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கிளம்பலாம் என்றேன். அவள் அசையவில்லை. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "சீக்கிரம் காட்டிடுங்க. உங்க டாக்டர் ஓட்டுற வண்டில பிரேக் சரியில்ல. நாளைக்கு வருவாரோ மாட்டாரோ" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்து வந்தவரிடமும் சொன்னாள். நாலாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது டாக்டர் ஸ்பேனரோடு வெளியே வந்தார்.

நாலையும் எங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சாயச் சோதனை செய்தேன். சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும் சாயம் மெல்லக் கசிந்து கோடாக எழும். மூன்றில் ஒன்றுமில்லை. பல் டாக்டருடையதில் அந்தக் கூர்மூலையிலிருந்து முடி போல ஒரு சிவப்புக் கோடு ஊர்ந்து வந்தது. நான் நகம் ஓட்டிய அதே இடம். நாலையும் ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுத்தேன்.

"என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே குடும்பமா கிளம்பியிருக்கீங்க" என்றான் அண்ணன். அறுத்த துண்டு ஒன்றைக் கையில் வைத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ரம்பம் போனதைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினான். பேக்கரிக்காரரின் கைக்காக அந்தக் கண்ணில் ஒரு சொட்டும் வந்ததில்லை.

பேக்கரிக்காரரின் மைத்துனர் போலீசில் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அண்ணன், "அதெல்லாம் சும்மா வீட்ல பொழுதுபோக்கா செஞ்சது சார். என் வொய்ஃப்தான் வரைஞ்சா, தங்கச்சிதான் செக் பண்ணினா" என்றான். அத்தனை வீடியோவில் 'நான்' 'நான்' என்றவன் அன்று ஒரு 'நான்' கூடச் சொல்லவில்லை. அண்ணி உள்ளே போய் இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று அவன் மாற்றியது. தேதியும் நேரமும் கீழே இருந்தன. அதிகாரி இரண்டையும் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், "சார், பொழுது நல்லாப் போச்சா?" என்று கேட்டார்.

கடைசியில் சமாதானமாக முடிந்தது. சிகிச்சைச் செலவு முழுவதும் அண்ணன் ஏற்க வேண்டும். இனி எவருடைய வண்டிக்கும் எதையும் செய்து தருவதில்லை என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தான். நான் அளந்த தாளையும் போலீசில் சேர்த்துக் கொடுத்து, எனக்குத் தெரிந்திருந்ததை எழுதினேன். என் மேலதிகாரி கூப்பிட்டு, கம்பெனி மெஷினில் வெளிச்சாமான் அளந்ததற்கு ஒரு மெமோ கொடுத்தார். மற்றதற்கு அவரிடம் தாள் எதுவும் இல்லை.

அண்ணி மெஷினை விற்கவில்லை. டயர் கடை ஒன்றின் பின்பக்கம் இடம் பிடித்து அங்கே கொண்டுபோய்விட்டாள். வீட்டைவிட்டுப் போகவில்லை. ஆனால் அங்கே போகும் நேரத்தை யாரிடமும் சொல்வதில்லை. சக்கர அச்சில் மாட்டுகிற வளையம், பக்கக் கண்ணாடியைத் தாங்கும் தண்டு, சங்கிலி இறுக்கும் கட்டை என்று பார்க்க ஒரு அழகும் இல்லாத சாமான்களாகச் செய்கிறாள். மெக்கானிக்குகள் நேரில் வந்து வாங்கிப் போகிறார்கள். சாமானில் பெயர் எதுவும் செதுக்குவதில்லை. பிரேக் சம்பந்தப்பட்டது என்றால் எனக்கு முதலில் படம் வரும். அளவு பார்க்க அல்ல. "இது எங்க முறியும்?" என்று மட்டும் கேட்டிருப்பாள். நான் வட்டம் போட்டு அனுப்புவேன்.

பேக்கரிக்காரரின் மணிக்கட்டு முக்கால்வாசிதான் திரும்புகிறது. மாவு பிசைய ஆள் வைத்துவிட்டார். நான் அந்தக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதுண்டு. அவர் மனைவிதான் எடுத்துக் கொடுப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் வேறு கடைக்குப் போகலாம். போவதில்லை.

அண்ணன் பழைய அலுவலகத்துக்கே திரும்பிப் போனான். இப்போது அவனுக்குக் கோப்பு கிடையாது, தொலைபேசி எடுக்கிற வேலை. கல்யாண வீடுகளில் அவன் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பொறாமையால் தன்னை ஒழித்துவிட்டார்கள் என்பான். வீட்டில் இரண்டு பெண்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு ஆண் என்ன செய்ய முடியும் என்பான். நாலு பேர் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கு எங்கேயும் நாலு பேர் கிடைப்பார்கள்.

போன மாதம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தான். அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தானாம். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தான். கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அது அவன் வழக்கம் இல்லை.

"அன்னிக்கு நீ ஏன் சொல்லல?" என்றான்.

எதைப் பற்றி என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்கமாட்டேன்" என்றான். "ஆனா நீ சொல்லியிருக்கணும்."

அவனைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. சட்டைப் பையில் அலுவலகப் பேனா மசி கசிந்திருந்தது. நான் அறிந்த வரையில் அவன் வாயிலிருந்து வந்த சரியான வாக்கியம் அது ஒன்றுதான். அது இவன் வாயிலிருந்தா எனக்கு வர வேண்டும் என்றிருந்தது.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவன் தலையசைத்தான். நான் ஒப்புக்கொண்டதே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்துவிட்டது. நிறுத்தம் வருவதற்குள், அந்த பிராக்கெட்டில் உண்மையில் டிசைன் தப்பே இல்லை, அலுமினியம் கொடுத்தவன்தான் ஏமாற்றிவிட்டான் என்று விளக்க ஆரம்பித்தான். என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் இரண்டு விரலை நெருக்கிப் பிடித்து, எதன் கனத்தையோ காட்டிக்கொண்டிருந்தான்.